நாகவள்ளி வீட்டு மண்ணுளிகள்

பாம்பு வளர்த்தவர்களையெல்லாம் உலகத்தில் ஒரு வரிசையாக நிற்கவைத்தால் முதலிடம் ரூவி நாகவள்ளி அக்காவுக்குத்தான். சிவபெருமானே இரண்டாவதாக நின்றுகொள்ள வேண்டியதுதான். அவர் கழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கும் வேளாவேளைக்குப் பல்லி பிடித்துப் போட்டதாக எந்தப் புராணத்திலும் இல்லை. மகாவிஷ்ணு பாம்பின்மேல் படுத்துத் தூங்குகிறவர். அவரைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. நாகவள்ளி அக்காவோ ஒன்றுக்கு இரண்டு, அதுவும் மஸ்கட் வெயிலில், அதுவும் வெள்ளைக்காரன் வீட்டுப் பாம்பு!

இப்படித்தான் கோபாலசாமி என்ஜினீயரின் மகள் ஷியாமளா, எழுபத்தாறாம் வருஷத்துக் கோடை முழுவதும் அந்தக் கட்டடத்தில் மாடிக்கும் கீழுக்குமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு வேறு வேலையும் இல்லை. அவள் படித்த பள்ளியில் எட்டோடு வகுப்பு முடிந்துவிட்டது. திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ப்பதாக அப்பா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் அவளுடைய படிப்பு, அடுத்த வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓடுவதும், சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைப்பதும், ‘இன்றைக்குத் தண்ணீர் லாரி வராதாம்’ என்று கிளப்பிவிட்டு எல்லா வீட்டிலும் வாளி நிரப்பும் சத்தத்தைக் கேட்டு ரசிப்பதுமாக நடந்துகொண்டிருந்தது.

நாகவள்ளி எதிர்வீடு. நாகர்கோவில் பக்கம். கணவன் சேதுமாதவன் ஒரு சர்வே கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். அவள் வந்து இறங்கிய நாளில் மஸ்கட்டின் இந்த ரூவிப் பக்கத்தில் கடைகளைவிடக் கற்குவியல்கள்தான் அதிகம். கையோடு கொண்டுவந்த தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தவள்தான். கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கை அவள் கையால்தான். அளவு எடுக்க நாடா வைத்திருந்தாலும் அதைத் தொட்டதில்லை. ஒருமுறை பார்த்தால் போதும். யாருக்காவது வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தால், அந்தப் பெண்ணுக்கே தெரியும் முன் இடுப்பில் இரண்டு விரல்கடை விட்டுத் தைத்துக் கொடுப்பாள். தனக்குத் தைத்த ரவிக்கைகளிலும் அப்படி மூன்று முறை விட்டிருந்தாள். மூன்று முறையும் பிறகு பிடித்துத் தைத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. துவைத்துக் காயப்போட்ட ரவிக்கையில் பழைய தையல் தடம் தெரிந்தது. ஷியாமளா கண்ணுக்குத் தெரியாதது ஏது.

ஜூன் மாதம் மேல்மாடி பெல்லமி துரை லீவில் ஊருக்குக் கிளம்பினார். சேதுமாதவனின் கம்பெனியில் பாறை ஆராய்கிறவர். வளைகுடாவில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவர் தொட்டிச்செடியை ஒரு வீட்டில், கிளிக்கூண்டை ஒரு வீட்டில், மீன் தொட்டியை ஒரு வீட்டில் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுவார். பெல்லமி ஒப்படைக்க வந்தது இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே மணல். மணலில் எதுவும் இல்லை என்று நினைத்துக் குனிந்தால், மணலே மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடுகளவில் இரண்டு கண்கள், தலை உச்சியில்.

"மண்ணுளிப் பாம்புலா!" சேதுமாதவன் நாற்காலியில் ஏறாத குறை. "நாகு, இது நக்கினா குஷ்டம் வரும்."

"உங்க மேலதிகாரிகிட்ட அதச் சொல்லுங்க பாப்போம்" என்றாள் நாகவள்ளி.

அவன் பெல்லமியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். விஷயம் முடிந்தது.

நாகவள்ளிக்கு ஆங்கிலம் வராது. சேதுமாதவனுக்கு அந்த நேரத்தில் எந்த மொழியும் வரவில்லை. மொழிபெயர்ப்புக்கு ஷியாமளா. பெல்லமி பொறுமையாகச் சொன்னார்: இரண்டும் பெண். பெரியது, சின்னது. இவை தனியாக வாழ்கிற ஜாதி, துணை தேடாது. ஒரே பெட்டியில் போடவே கூடாது.

ஷியாமளா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இது மாப்பிள்ளையாம், இது பொண்ணாம். சண்டைக்காரக் குடும்பமாம். அதான் பிரிச்சு வெச்சிருக்காராம். சேத்து வெக்கக் கூடாதாம்."

நாகவள்ளி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நாகவள்ளி சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள்.

"பிரிச்சா வச்சிருக்கான்?" என்றாள், மிகவும் மெதுவாக.

அந்தக் குரலை ஷியாமளா அப்போதே கவனித்திருக்க வேண்டும். பல்லி பிடிக்கும் உத்தியோகம் தனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

ரூவியில் பகல் ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இழுத்துவிடும். நான்கு மணிவரை தெருவில் ஒரு நாய்கூட நடக்காது. வெயில் மட்டும் ஆள்போல நின்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஷியாமளா எதிர்வீட்டில் இருப்பாள். ஏ.சி. முனகும், தையல் மிஷின் ஓடும், பக்கத்துப் பக்கத்தில் வைத்த பெட்டிகளில் மணல் அசையும்.

"பாத்தியா மக்கா, இது இந்தப் பக்கம் ஒதுங்குனா அதுவும் அந்தப் பக்கத்துல இருந்து ஒட்டிக்கிட்டு வருது. நடுவுல கண்ணாடி."

"லவ்வுக்கா."

"சும்மா கெடட்டீ." மிஷின் நின்றது. நாகவள்ளி நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு நாகதோஷம் உண்டு, கேட்டியா. போன ஜென்மத்துல பின்னிக் கெடந்த ஜோடிய நான் பிரிச்சுட்டேனாம். அதான் வயித்துல ஒண்ணும் தங்கலன்னு ஜாதகம் பாத்தவரு சொன்னாரு. கல்லுல நாகம் அடிச்சு அரசமரத்தடியில வச்சோம். கல்லுல ரெண்டும் பின்னிக்கிட்டுலா நிக்கும். இங்க என்னடான்னா கண்ணாடி போட்டு வச்சுட்டு லீவுக்குப் போயிட்டான், பாவி."

ஷியாமளாவின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது: ரெண்டும் பொட்டைதான்க்கா. அங்கேயே நின்றுவிட்டது. நாகவள்ளி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையில் அந்த வார்த்தைக்கு இடமில்லை.

வெள்ளிக்கிழமை நாகவள்ளி பெரிய பெட்டியில் இரண்டையும் விட்டாள். குங்குமம்கூட வைத்தாள், கண்ணாடியில்.

"பெல்லமி வேண்டாம்னு சொன்னாரு நாகு" என்றான் சேதுமாதவன்.

"அவரு பொண்டாட்டிய லண்டன்ல விட்டுட்டு இங்க கல்லப் பொறுக்குறவரு. அவருக்கு இதெல்லாம் தெரியுமா?"

மனைவியோடு ஒரே அறையில் இருந்த சேதுமாதவன் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டான்.

அதன்பிறகு வந்த வாரங்கள்தான் ஆச்சரியம். நாகவள்ளி பாடினாள். மிஷின் சத்தத்துக்கு மேலே, எதிர்வீடுவரை கேட்கும்படி. நடை மட்டும் மெதுவாகிவிட்டது. பரணில் இருந்து எதையும் எடுக்க ஸ்டூலில் ஏறமாட்டாள். "நீ ஏறுட்டி, உனக்குத்தான் கொரங்கு கால்" என்பாள். பெட்டியில் பெரியது சின்னதின் மேல் சுருண்டு கிடக்கும். கட்டிப்பிடித்துத் தூங்குகிறது என்று ஷியாமளா சொன்னாள். பின்னாளில் யோசித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள்கூடச் சின்னது மேலே இருந்ததில்லை. போட்ட பல்லியை எப்போதும் பெரியதுதான் எடுத்தது. சின்னது மெலிந்துகொண்டே வந்தது. அதெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயேதான் நடந்தது. பார்ப்பவர்களுக்கு வேறு கதை தேவைப்பட்டது.

ஒரு பகல், பாட்டுக்கு நடுவில் மிஷின் நின்றது. மறுபடி ஓடவில்லை.

ஷியாமளா போய்ப் பார்த்தாள். நாகவள்ளி பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் பெரியது மட்டும் மணலுக்கு மேலே நீட்டிக் கிடந்தது. மண்ணுளி அப்படி வெட்டவெளியில் கிடக்காது. நடு உடம்பு, தலையணை உறைக்குள் இன்னொரு தலையணையைத் திணித்ததுபோல் இருந்தது.

"பல்லி போட்டேன்" என்றாள் நாகவள்ளி. "போட்டுட்டு பட்டன் கட்டப் போயிட்டேன். மூடி கொஞ்சம் தெறந்து இருந்திருக்கு. சின்னது வெளிய போயிட்டு பாத்துக்க."

ஒரு பல்லியை இரண்டும் இரண்டு பக்கத்தில் கவ்வியிருக்கும். பெரியது பல்லியை விழுங்கி, பல்லியோடு வந்ததையும் விழுங்கியிருக்கும். ஒரு பார்வையில் ஷியாமளாவுக்குத் தெரிந்துவிட்டது. நாகவள்ளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் பெட்டியின் பக்கமே திரும்பாமல் பேசினாள்.

"ஆமாக்கா" என்றாள் ஷியாமளா. "வெளியதான் போயிருக்கும்."

அன்றைக்கே வீட்டின் மூலைகளில் எவர்சில்வர் தட்டுகள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் மணல். கட்டிலுக்கடியில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், குளியலறை வாசலில், சாமி படத்துக்குக் கீழே. மண்ணுளிக்கு மணல்தானே வேண்டும். எங்கே ஒளிந்திருந்தாலும் தேடி வரும் என்று நாகவள்ளி கணக்குப் போட்டாள். பகல் ஒரு மணிக்கு ரூவி அடங்கியதும் அவள் தட்டுத்தட்டாகப் போய்க் குனிந்து பார்ப்பாள். யாராவது பேசினால் கையை உயர்த்துவாள்.

"கேக்குதா?"

ஏ.சி. முனகலுக்கு அடியில், யாரோ மணலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதுபோல ஒரு சத்தம். முதலில் ஷியாமளாவுக்குக் கேட்கவில்லை. நான்கைந்து நாளில் கேட்டது. பிறகு தன் வீட்டிலும் கேட்டது. ரவா உப்புமாவில் கிடந்த கடுகு தன்னைப் பார்ப்பதாகத் தோன்றி, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சேதுமாதவன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான். ரவிக்கைத் துணிகள் வெட்டப்படாமல் குவிந்தன. நாகவள்ளி பாடவில்லை, பேசுவதும் குறைந்தது. பெரியது மட்டும் பெட்டியில் கொழுத்து, மணலுக்கு அடியில் போய், கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. அது யாரைப் பார்க்கிறது என்று சொல்லவே முடியாது.

இந்த இருட்டைப் பொறுக்கமுடியாமல்தான் ஷியாமளா தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். சாமி படத்துக்குக் கீழே இருந்த தட்டில், மணலை மேடாக்கி, இரண்டு கடுகை அழுத்தி வைத்தாள். நாகவள்ளி குனிவாள், கத்துவாள், கடுகு என்று தெரிந்ததும் "எரப்பாளி" என்று திட்டிக்கொண்டு விரட்டுவாள், விரட்டும்போது சிரிப்பு வந்துவிடும். இதுதான் திட்டம். வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நாகவள்ளி வந்தாள். குனிந்தாள். கத்தவில்லை. மெதுவாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா" என்றாள்.

கதவுக்குப் பின்னால் ஷியாமளா வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"நான் சேத்து வச்சா நல்லதுன்னுதான் சேத்தேன். உன்னப் பசிக்கப் போட்டது எனக்குத் தெரியாது. கோவத்த எம்மேல வையி, கேட்டியா? இதுமேல வைக்காத." அவள் கை அடிவயிற்றில் இருந்தது. "தங்கிருக்கு. அவியளுக்குக்கூட சொல்லல. சொன்னா போயிரும்னு பயமா இருக்கு. மூணு தடவயும் சொன்ன பொறவுதான் போச்சு. உன்ட்ட மட்டும் சொல்லுதேன். நீ உயிரோட இருக்கேல்லா? இருந்தா ஒண்ணும் வராது. இருக்கேல்லா?"

கடுகு இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஷியாமளா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று சாயங்காலமே திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் அடிக்காமலே உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, அது ஜோடியே இல்ல. ரெண்டும் பொட்டை. பெல்லமி அப்படித்தான் சொன்னாரு. நான்தான் தமாஷுக்கு மாத்திச் சொன்னேன். ஜோடி இல்லேன்னா தோஷமும் இல்லல்ல?"

நாகவள்ளி அவள் தலையைத் தடவினாள். "எனக்காவ நல்லா பொய் சொல்லுதே மக்கா."

உப்பைச் சர்க்கரை என்று சொன்னபோதெல்லாம் நம்பிய கட்டடம். உண்மை மட்டும் செல்லுபடியாகவில்லை. ஆகையால் பாம்புதான் வேண்டும் என்று முடிவாயிற்று.

கட்டடத்துக்குப் பின்னால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சைட்டுக்குக் கார்மேகம் டிப்பரில் மணல் அடித்தான். கமுதிப் பக்கத்து ஆள். குடிதண்ணீருக்கு ஷியாமளா வீட்டுக் குழாய்க்கு வருவான்.

"அண்ணே, நீங்க கொண்டுவர மணல்ல மண்ணுளி வருமா?"

"சீப் ஊருக் கடற்கரைப் பக்கத்து மணல்னா வரத்தான் செய்யும். போன வாரங்கூட ஒண்ணு கெடந்துச்சு. எதுக்கு?"

"எனக்கு ஒண்ணு வேணும். சின்னதா."

கார்மேகம் தண்ணீர் கேனைக் கீழே வைத்தான். "ஏந்தாயி, சாக்லேட்டு கேக்குற வயசுல பாம்பு கேக்குற? உங்கப்பாருக்குத் தெரிஞ்சா என் வேல கலாஸ். அடுத்த பிளைட்ல கமுதி."

"உங்களுக்கு விசா குடுத்த கஃபீல் எங்கப்பாவா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பயம்? ஒரு புள்ளத்தாச்சிக்குண்ணே."

"புள்ளத்தாச்சிக்கு மாங்கா கேப்பாக. மண்ணுளியா கேப்பாக?" என்றான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஒரு வாரம் கழித்துப் பால்பவுடர் டின் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் குழாயடியில் வைத்துவிட்டுப் போனான். மூடியில் ஆணியால் ஓட்டைகள்.

காட்டுப் பாம்புக்குப் பெல்லமி வீட்டு மரியாதை தெரியாது. டின்னிலிருந்து எடுத்ததும் ஷியாமளாவின் கட்டைவிரலடியைக் கவ்விக்கொண்டது. அவள் கத்தவில்லை. அது விடும்வரை நின்று, ரத்தத்தைப் பாவாடையில் துடைத்து, கையை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

பகல் ஒரு மணிக்கு ஷட்டர்கள் இறங்கின. அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருந்த தட்டில் பாம்பை விட்டு, அது மணலுக்குள் இறங்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா! ஓடி வாங்க! வந்துடுச்சு!"

நாகவள்ளி ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மணலில் இரண்டு கண்கள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நுனிநாக்கு ஒன்று மணலுக்கு மேலே வந்து போனது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்து, பாதியில் நின்றது.

"எங்க இருந்துச்சு?"

"கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலக்கா. நல்லா தின்னு தின்னு கொழுத்திருக்கு பாருங்க. நம்ம வீட்டுப் பல்லியெல்லாம் இதுதான் காலி பண்ணிருக்கு."

"கையில என்ன?"

"கதவுல நசுங்கிடுச்சு."

நாகவள்ளி முந்தானையைச் சுற்றிப் பாம்பை எடுத்தாள். அது துள்ளியது. பெரியது இருக்கும் பெட்டியைத் தாண்டிப் போய், காலியாகக் கிடந்த சின்னப் பெட்டியில் விட்டு மூடினாள்.

"என்னக்கா, சேத்து வெக்கலியா? ஜோடியாச்சே."

"வேண்டாம் மக்கா. ஜோடின்னு நாமதான் சொன்னோம். அதுவளா சொல்லிச்சு? இது இங்க கெடக்கட்டும், அது அங்க கெடக்கட்டும். தனித்தனியா இருந்தாத்தான் ரெண்டும் இருக்கும்."

இரண்டு பெட்டிகளும் இன்னும் ஒட்டித்தான் இருந்தன. நாகவள்ளி அவற்றைப் பார்த்தாள். பிறகு சின்னப் பெட்டியை ஜன்னல் பக்கம் மாற்ற, மணலோடு அப்படியே தூக்குவதற்குக் குனிந்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஐயோ விடுங்கக்கா!" ஷியாமளா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு இவ்வளவு பாரம் தூக்குவாங்களா?"

நாகவள்ளியின் கைகள் பெட்டியிலேயே நின்றன. ஏ.சி. முனகியது. ஜன்னலுக்கு வெளியே வெயில் நின்றுகொண்டிருந்தது.

"யாரு சொன்னா?"

எந்தக் கேள்விக்கும் கையில் ஒரு பதில் வைத்திருக்கிற ஷியாமளா தேடினாள். "சேது அண்ணன்தான்க்கா..."

"அவியளுக்கே தெரியாது."

அவள் நிமிர்ந்தாள். சாமி படத்துக்குக் கீழே இருந்த தட்டை ஒருமுறை பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கடைசியில் ஷியாமளாவைப் பார்த்தாள். தன்னைப் பிடித்திருந்த அவள் கையைத் திருப்பி, கட்டைவிரலடியில் வரிசையாக இருந்த பல் தடங்களைத் தன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"நான் அந்தத் தட்டுட்ட மட்டும்லாட்டி சொன்னேன்."